ஆயிரம் விளக்குக்கு இரண்டு வழிகள்

பிப்ரவரி 5, திங்கள்

பேசாமல் இருந்தது போதும்.

பத்தொன்பது ஆண்டுகள் ஷெனாய் நகரிலிருந்து ஆயிரம் விளக்கு வரை சைக்கிளில் அலுவலகம் போய் வந்தவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள், அறிவுரை சொன்னவர்கள், "சுகருக்காக ஓட்றீங்களா சார்?" என்று அக்கறையாக விசாரித்தவர்கள் எவருக்கும் இதுவரை பதில் சொன்னதில்லை. போக்குவரத்துப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் என்பதையும் நானாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்லப் போகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, ஜனவரி 30, மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு அலுவலக வாயிலில் விழுந்தேன். இடது காறை எலும்பு முறிந்தது. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் சைக்கிளைத் தொடக் கூடாது. ஆகவே ஆறு வாரமும் மெட்ரோ, அதாவது சுரங்க ரயில். அந்த ஆறு வாரத்தை வீணாக்க மாட்டேன். நாள்தோறும் நேரம், நடை, காத்திருப்பு எல்லாவற்றையும் குறித்து, சைக்கிளோடு ஒப்பிட்டு, நாளிதழுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுவேன். முழுப் பெயர், பட்டம், முகவரியோடு.

விழுந்த விதத்தையும் ஒரு முறை எழுதிவைக்கிறேன். பிறகு அதைப் பற்றி எழுத வேண்டியிருக்காது. எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்தம் முதல் தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து வாயிலுக்கு ஒரு சரிவு வளைந்து இறங்கும். சரிவின் முடிவில் இரும்புத் தடுப்பு. அதைக் காவலாளி தூக்க வேண்டும். வழக்கம்போல் இரண்டு முறை மணி அடித்தேன். தடுப்பு தூக்கப்படவில்லை. மோதி விழுந்தேன். அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கையிலும் இதையே எழுதிக் கையொப்பமிட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வீட்டிலிருந்து ஷெனாய் நகர் நிலையம், நடை: 9 நிமிடம். கீழே இறங்கிச் சோதனை முடித்து நடைமேடைக்கு: 4. காத்திருப்பு: 5. சென்ட்ரல் வரை: 11. அங்கே வண்டி மாற: 6. ஆயிரம் விளக்கு வரை: 5. மேலேறி அலுவலகத்துக்கு: 4. மொத்தம் 44 நிமிடம். சைக்கிளில் 29.

குறை சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வண்டி நேரத்துக்கு வந்தது. உள்ளே குளிர்ச்சி, சுத்தம், உட்கார இடமும் கிடைத்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. அது எரிச்சலாக இருந்தது.

ஒன்று மட்டும் குறித்துக்கொண்டேன். சுரங்கத்துக்குள் சன்னலில் வெளியே பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். பதினோரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். சைக்கிளில் போகிறவனுக்கு ஊர் தெரியும். சேத்துப்பட்டுப் பாலத்தடியில் இட்லிக் கடை போடும் அம்மாளுக்கு நாள்தோறும் தலையசைப்பேன். அவரும் அசைப்பார். பெயர் தெரியாது.

பிப்ரவரி 7, புதன்

ஒற்றைக் கையால் சட்டையைப் பிழிய முடியாது. பிழியாமலே கொடியில் போட்டேன். 43 நிமிடம்.

பிப்ரவரி 9, வெள்ளி

இந்த வாரம் முழுக்க வாயிலில் புதிய காவலாளி நிற்கிறார். திகம்பர் என்று பெயர். ஒடிசாக்காரர். இன்று அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல்முறையாக அட்டையைத் தேடி எடுத்தேன்.

மதியம் இயக்குநர் முகுந்தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட ஆறு ஆண்டு இளையவர். நான் இங்கே சேர்ந்தபோது பயிற்சிக்கு வந்த மாணவராக என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர்.

"மெட்ரோலயா வர்றீங்க? வாங்க வாங்க! உங்கள பூமிக்கு அடில எறக்க ஒரு எலும்பு ஒடைய வேண்டியிருந்துது பாருங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்த கேட் ஆள மாத்திட்டோம் சார். நீங்க எழுதிக் குடுத்தத அப்படியே செக்யூரிட்டி ஏஜென்சிக்கு அனுப்பினேன். ரெண்டு தடவ பெல் அடிச்சும் கேக்கலன்னா காதுல கோளாறா இருக்கும், பாருங்கன்னு ஒரு வரி சேத்து விட்டேன்."

"காதுன்னு நான் எழுதலையே."

"நீங்க எழுதல. ஆனா வேற என்ன சார் அர்த்தம்?"

வேறு என்ன அர்த்தம் என்று நான் சொல்லவில்லை. கை வலித்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மனைவி சௌந்தரா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். பையன் படிப்புக்காக அவனோடு போய் எட்டு ஆண்டு ஆகிறது. பையன் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்தும் மூன்று ஆண்டு ஆகிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

"எப்படிங்க விழுந்தீங்க?"

"கேட்ட தூக்கல. மோதிட்டேன்."

"பெல் அடிச்சீங்களா?"

"இது என்ன கேள்வி?"

"இல்ல, கோவம் வந்தா நீங்க காலிங் பெல்லே அடிக்க மாட்டீங்களே. ஷூவக்கூட கழட்டாம வாசல்ல நிப்பீங்க. நாங்களா தெரிஞ்சுக்கிட்டு வந்து தெறக்கணும். ஒரு தடவ முக்கா மணி நேரம் நின்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"அது 2011, ஆகஸ்ட்."

"பாத்தீங்களா! மாசத்தோட வெச்சிருக்கீங்க. சரி, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க? பையன வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவசரமாக முடிவு கட்டுவது அவளுக்கு எப்போதும் உள்ள பழக்கம்.

கடையில் மாவு வாங்கி வந்தேன். ஒரு கையால் தோசை வார்க்கலாம், திருப்பத்தான் முடியவில்லை. ஒரு பக்கம் வெந்ததையே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

45 நிமிடம். சென்ட்ரலில் ஒரு வண்டியைத் தவறவிட்டேன்.

நாளிதழ்க் கடிதத்துக்கு முன்னுரையாக 2006 கதையைச் சொல்ல வேண்டும். நகரச் சாலைகளில் சைக்கிள் தடம் அமைப்பது பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். பதினேழு சாலைகளை நானே டேப் பிடித்து அளந்தேன். கையொப்பமிட்டு மேலே அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. நான்கு ஆண்டு கழித்து அதில் இருந்த வரைபடங்களை முகுந்தன் ஒரு கருத்தரங்கில் காட்டினார். வரைபடங்களை வரைந்தது அவர்தான், மறுக்கவில்லை. அளந்தது யார்?

கையொப்பத்தோடு போகும் எதற்கும் எங்கள் அலுவலகத்தில் மரியாதை இல்லை. லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது என்று பெயரோடு மூன்று கடிதம் எழுதினேன். அசைவில்லை. நான்காவதாக யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டார்கள். மூன்றாம் நாள் விசாரணை, அடுத்த வாரம் புது மோட்டார். சாம்பாரில் பல்லி என்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. பல்லியைப் பார்த்தவர் ஒருவருமில்லை, ஆனால் கேன்டீனில் ஆள் மாறினார். பெயரோடு எழுதினால், எழுதியவன் எப்படிப்பட்டவன் என்று பேசி முடித்துவிடுகிறார்கள். பெயர் இல்லாவிட்டால் யாராகவும் இருக்கலாம், எல்லோராகவும் இருக்கலாம் என்று பயப்படுகிறார்கள்.

இருந்தாலும் பெயர் போடாமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. அந்தக் கோழைத்தனம் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

44.

இது கடிதத்துக்குத் தேவைப்படாது. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

வண்டி நிறுத்தத்தின் மூலையில் சைக்கிளுக்கென்று ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் இரண்டே சைக்கிள்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று பழைய காவலாளி எத்திராஜுடையது. ஓட்டேரியிலிருந்து அதில்தான் வருவார். பதினோரு ஆண்டுகள் வாயிலில் நின்றார்.

சரிவு வளைந்து இறங்குவதால் மேலே கிளம்புகிறவனை வாயிலில் நிற்பவர் பார்க்க முடியாது. அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தோம் என்று நினைவில்லை. மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு மேலிருந்து இரண்டு முறை மணி அடிப்பேன். அவர் தடுப்பைத் தூக்கிவிடுவார். நான் பிரேக்கைத் தொடாமல் ஒரே ஓட்டமாக இறங்கிச் சாலையில் சேர்ந்துவிடுவேன். போகிற போக்கில், "மூணு நிமிசம் லேட்டு சார் இன்னிக்கு!" என்பார். அல்லது, "பின் டயர்ல காத்து கம்மியா கீது!" என்பார். அதற்கு மேல் பேச நேரமிருக்காது. பதினோரு ஆண்டுகளில் அந்தத் தடுப்பு எனக்காக ஒரு நாளும் தாமதித்ததில்லை.

நான் மூன்று நிமிடம் பிந்தினால் இந்த ஊரில் தெரிந்துகொள்ள ஒருவர் இருந்தார். இதையும் குறித்துவைக்கிறேன், ஏதாவது ஒப்பீட்டுக்கு உதவலாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சென்ட்ரலில் வண்டி மாறும்போது எத்திராஜைப் பார்த்தேன். சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் நின்றதால் முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வேறு பெட்டிப் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"சார்! இன்னா சார், கை இன்னும் கட்லயே கீது? வலிக்குதா?"

"பரவால்ல. நீங்க எங்க இந்தப் பக்கம்? சைக்கிள் என்னாச்சு?"

"வுட்டுட்டேன் சார். காது போன ஆளு ரோட்ல சைக்கிள் ஓட்டலாமா? பின்னாடி பஸ்ஸு வந்தா கேக்கணுமில்ல? எம் பொண்ணு பூட்டு சாவிய புடுங்கி வெச்சிக்கிச்சி. அதான் நானும் உங்கள மாரி பூமிக்கு அடில வந்துட்டேன்."

"காதுக்கு என்ன?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல் கேட்டு என் மனசைத் தேற்றப் பார்க்கிறீர்களா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"அன்னிக்கி நீங்க ரெண்டு தபா அடிச்சிருக்கீங்க. எனுக்குக் கேக்கல. அன்னிலேந்து ரோசன பண்ணினே கீறேன் சார். நான் ஃபோன் நோண்டல. டீ குடிக்கப் போவல. அஞ்சு முப்பத்தஞ்சு ஆயிடுச்சே, சார் வர்ற நேரம்னு கேட்டு மேலயே கைய வெச்சினு நிக்கறேன். மணி வரவே இல்ல. உங்க தலதான் வந்துச்சி."

வண்டி வந்தது. ஏறினோம். உட்கார இடமிருந்தும் அவர் உட்காரவில்லை. என் இடது பக்கம் யாரும் இடிக்காதபடி நின்றுகொண்டார்.

"காதுல டெஸ்ட் எடுத்தாங்களா?"

"மூணு தபா. இப்பக்கூட ஆஸ்பத்திரிலேந்துதான் வரேன். ஒரு ரூமுக்குள்ள குந்த வெச்சி குய்யினு சத்தம் வுடறாங்க, கேட்டா கைய தூக்குன்றாங்க. டாக்டரம்மா, யோவ் உன் காது எங் காத விட நல்லா கீதுய்யான்னு எழுதியே குட்த்துட்டாங்க." கையிலிருந்த பழுப்பு உறையைக் காட்டினார். அதன்மேல் அவர் பெயர், வயது 57, ஓட்டேரியில் தெரு, கதவு எண். பதினோரு ஆண்டுகளில் அவர் முகவரியை அப்போதுதான் படித்தேன். "ஆனா மிஷினு தப்பா காட்டுது சார்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்களே சார்."

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"சொல்லாதீங்க. நானே சொல்றேன். அரசினர் தோட்டம். கரீட்டா?"

"சரிதான்."

"இப்டித்தான் டெய்லி பழகினு கீறேன். ஒரு ஒரு நாளு எல்லாம் கேக்குது. அன்னிக்கி மட்டும் இன்னா ஆச்சின்னு தெர்ல." கொஞ்சம் குனிந்து, ரகசியம்போல் சொன்னார். "ஏஜென்சில மார்ச் இருவது வரைக்கும் டைம் குட்த்து கீறாங்க சார். டாக்டர் சீட்ட குட்த்தா, ஆபீஸ்லேந்து வந்த லெட்டர் பொய்யான்னு கேக்கறாங்க. அது ஃபைல்ல கீற வரைக்கும் எந்த கேட்லயும் போட மாட்டாங்களாம். இருவதோட பேர அடிச்சிடுவாங்க. அம்பத்தேழு வயசுல, செவுடுன்னு பேரோட, வேற எவன் சார் சேப்பான்?"

எல்.ஐ.சி. நிலையத்தையும் அவரே சொன்னார். ஆயிரம் விளக்கில் நான் இறங்கினேன். அவர் ஏஜென்சி அலுவலகத்துக்கு, சைதாப்பேட்டைக்குப் போகிறவர். கதவு மூடுவதற்குள், "பிரேக் ரப்பர் தேஞ்சி கெடக்குது சார், ஓட்றதுக்கு முன்னாடி மாத்திடுங்க!" என்றார்.

44 நிமிடம்.

பிப்ரவரி 21, புதன்

எழுத ஒன்றுமில்லை. மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 23, வெள்ளி

விழுந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். கொட்டகையில் தன்னந்தனியாக நின்றது. தடுப்பில் மோதி வளைந்திருந்த கைப்பிடி நேராக இருந்தது. முன் சக்கரத்தில் மூன்று கம்பிகள் புதியவை. இந்தக் கட்டடத்தில் கம்பி கோக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். நான் விழுந்த பிறகு மூன்று நாள் வேலையில் இருந்திருக்கிறார்.

டேப் கொண்டு போயிருந்தேன். ஒரு முனையைச் சைக்கிள் மணியில் கட்டி, வலது கையால் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். மூன்று தடவையாக அளந்து கூட்டினேன். மணியிலிருந்து தடுப்பு வரை 31.4 மீட்டர். மறுபடியும் மேலே போய், சரியாக ஐந்து முப்பத்தைந்துக்கு, இரண்டு முறை மணி அடித்தேன்.

கீழே தடுப்பு தூக்கப்படும் கிரீச் சத்தம் கேட்டது.

இறங்கிப் போனால், திகம்பர் இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கும் குமிழ்களோடு நிற்கிறார். ஒன்றைக் கழற்றிவிட்டு, "பெல் வந்துச்சு. சைக்கிள் எங்க சார்?" என்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

42 நிமிடம். கையில் கட்டைப் பார்த்து ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

ஜனவரி 30 அன்று மாலை ஐந்து மணிக்கு மூன்றாம் மாடியில் ஒரு கூட்டம் நடந்தது. அதை இதுவரை எழுதவில்லை. சைக்கிள் கொட்டகையை எடுத்துவிட்டு மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் போடும் இடமாக மாற்றப் போவதாக முகுந்தன் சொன்னார். நான் எழுந்து, 2006 அறிக்கையின் ஏழாவது அத்தியாயத்தைச் சுட்டிக்காட்டினேன்.

"சார், ரெண்டே ரெண்டு சைக்கிளுக்கு அவ்ளோ எடமா?" என்றார் முகுந்தன். "ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு வாட்ச்மேனோடது. நீங்க ரெண்டு பேரும் ஒரு சங்கம் ஆரம்பிங்க, நான் ரிப்பன் வெட்ட வரேன்."

எட்டுப் பேர் சிரித்தார்கள். பெயர்கள் நினைவிருக்கின்றன.

அதில் எது அதிகமாகச் சுட்டது என்று இன்று யோசித்துப் பார்த்தேன். கொட்டகை போவதல்ல. வாட்ச்மேன் என்ற சொல். அறிக்கை எழுதியவனையும் கேட்டைத் தூக்குகிறவரையும் ஒரே வரியில் நிறுத்தியது. அந்தக் கோபத்தோடு கீழே வந்தேன். சைக்கிளை எடுத்தேன்.

மார்ச் 1, வெள்ளி

அடிக்கவில்லை.

மார்ச் 2, சனி

அலுவலகம் இல்லை. நேற்று எழுதிய ஒரு வரியை அடித்துவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். அடிக்காமல் மீதியையும் எழுதுகிறேன்.

விரல் மணியின்மேல்தான் இருந்தது. அடிக்கக் கூடாது என்று தோன்றியது. ஐந்து முப்பத்தைந்து ஆகிவிட்டது, எத்திராஜ் பார்க்கப் பதினோரு ஆண்டாக வருகிறேன், ஒவ்வொரு நாளும் அடித்துச் சொல்ல வேண்டுமா, அவராகத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவர்மேல்தான் கோபம். அவருடைய சைக்கிள் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு இல்லையே என்று. பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். தடுப்பு கண்ணுக்குத் தெரிந்ததும் பிடித்தேன். ரப்பர் தேய்ந்திருந்தது. அதை அன்று காலையிலும் அவர் சொல்லியிருந்தார்.

தரையில் கிடந்த என்னை அவர்தான் தூக்கினார். "மணி அடிக்கலையே சார்" என்று அவர் சொல்லியிருந்தால் ஒருவேளை ஆமாம் என்றிருப்பேன். அவர் சொல்லவில்லை. "எனுக்குக் கேக்கல சார்" என்றார். மறுநாள் அலுவலகப் படிவத்தில், விபத்து நேர்ந்த விதம் என்ற கட்டத்தில், வழக்கமாக என்ன செய்வேனோ அதை எழுதினேன். இரண்டு முறை மணி அடித்தேன். என் எழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளியிலேயே பெயர்.

மார்ச் 5, செவ்வாய்

முகுந்தனிடம் சொல்லிவிடுவது என்று போனேன்.

"சார், அந்த அறிக்கை விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"2006-ஆ? ஐயோ, மறுபடியுமா!"

"இல்ல, விபத்து."

"அதான் முடிஞ்சு போச்சே. ஒண்ணு சொல்றேன், சந்தோஷப்படுவீங்க. உங்களுக்கு அடிபட்டதுலேந்து போர்டுல எல்லாருக்கும் ஒரு இது வந்துடுச்சு. சைக்கிள்ல வர்றவருக்கு நாம பாதுகாப்பு குடுக்கலையேன்னு. கொட்டகைய எடுக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். போர்டு ஒண்ணும் மாட்டப் போறோம். சைக்கிள் ஓட்டிகளுக்கு முன்னுரிமை. எப்படி?"

பத்தொன்பது ஆண்டில் இந்த அலுவலகத்தில் நான் கேட்டுக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"வேற ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"லிஃப்ட் மறுபடி சத்தம் போடுது" என்றேன்.

மார்ச் 7, வியாழன்

43. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி. அறிவிப்பு வருமுன் நிலையங்களின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

கட்டைப் பிரித்துவிட்டார்கள். இடது கை மெலிந்து, வேறு யாருடைய கைபோலோ இருக்கிறது. மெதுவாக ஓட்டலாம் என்றார் மருத்துவர். புதிய பிரேக் ரப்பர் வாங்கினேன். மாலை அலுவலகம் போய் நானே மாட்டினேன். சரிவு முழுக்கப் பிரேக் பிடித்து இறங்கினேன். இரண்டு முறை அல்ல, ஐந்தாறு முறை மணி அடித்தேன். திகம்பர் சலித்துக்கொண்டார்.

மார்ச் 13, புதன்

சைக்கிள். 34 நிமிடம். உடம்பு இன்னும் பழகவில்லை.

மெட்ரோவில் போன ஐந்து வாரக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மெட்ரோ சராசரி 43 நிமிடம், சைக்கிள் 29. மழை, வெயில், தூசு, உயிர்ப் பயம் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்தால் மெட்ரோவுக்கே பாதிப் பேர் கை தூக்குவார்கள். நானும் மறுக்கமாட்டேன். பத்தொன்பது ஆண்டு எதற்காக இதில் பிடிவாதமாக இருந்தேன் என்று இன்று ஓட்டும்போது யோசித்தேன். ஸ்டெர்லிங் சாலையில் பின்னால் பேருந்து ஒன்று வந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிட்டது, நானும் யோசிக்காமல் ஓரம் ஒதுங்கினேன். தன் காதை நம்பாமல் ஒருவர் சைக்கிள் சாவியை மகளிடம் விட்டுவைத்திருக்கிறார்.

சேத்துப்பட்டு இட்லிக் கடை அம்மாள் கையைக் காட்டி, "எங்க போயிட்ட சார் இத்தினி நாளா? நீ ஊரையே மாத்திட்டியோன்னுல்ல நெனச்சேன்" என்றார். பத்தொன்பது ஆண்டில் அவர் பேசியது இதுதான் முதல் தடவை. நின்று பெயர் கேட்டிருக்கலாம். பின்னால் ஆட்டோக்காரர் ஒலி எழுப்பினார்.

நாளிதழுக்கு எழுதப் போவதில்லை.

மார்ச் 14, வியாழன்

விடுப்புப் போட்டுவிட்டு எழுதினேன்.

முதல் கடிதம் ஏஜென்சிக்கு, நகல் முகுந்தனுக்கு. ஜனவரி 30 மாலை காவலாளி எத்திராஜ் தம் இடத்தில் தடுப்பின்மேல் கை வைத்து நின்றார், அன்று மணி அடிக்கப்படவில்லை, விபத்து அறிக்கையில் உள்ள அந்த வரி பொய், அவர் காதில் குறையில்லை என்று எழுதினேன். முழுப் பெயர், பட்டம், பதவி போட்டுக் கையொப்பமிட்டேன். ஒரு முறை படித்தேன். மூன்றாம் மாடியில் முகுந்தன் அதை உரக்கப் படிப்பதும் அந்த எட்டுப் பேர் சிரிப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. கிழித்துவிட்டு, பெயர் இல்லாமல் மறுபடி எழுதினேன்.

இதற்கு நியாயம் இருக்கிறது. இருபதாம் தேதிக்கு ஆறு நாள்தான் உண்டு. மொட்டைக் கடிதத்துக்கு மூன்றாம் நாள் விசாரணை. பெயரோடு போனால் கோப்பில் தூங்கும். எத்திராஜுக்கு வேண்டியது வேலை, என் பெயர் அல்ல. நல்ல நியாயம். எனக்கு ரொம்பவும் வசதியான நியாயம் என்பதும் தெரிகிறது.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மணியிலிருந்து தடுப்பு வரை 31.4 மீட்டர், காதில் பாட்டு ஓடும்போதும் அந்த மணி கேட்கிறது, பிப்ரவரி 23 மாலை 5.35க்குச் சோதித்துப் பார்க்கப்பட்டது. இந்த வரியை எடுத்துவிடலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் இதைத் தசமப் புள்ளியோடு எழுதக்கூடியவன் ஒருவன்தான் என்பது முகுந்தனுக்குத் தெரியும். ஸ்டூல் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தவர், அந்தச் சாலைகளை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவர். எடுக்கவில்லை.

இரண்டாவது கடிதம் ஓட்டேரிக்கு. நான்கு வரி.

"டாக்டரம்மா சொன்னதுதான் சரி. மிஷின் தப்பாகக் காட்டவில்லை. அன்று மணி அடிக்கவில்லை. மகளிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்."

அதன் கீழும் பெயர் எழுதவில்லை. எழுத மூன்று தடவை பேனாவை எடுத்தேன். சௌந்தரா பார்த்தால், ஷூவைக் கழற்றாமல் வாசலில் நிற்கிறீர்கள் என்பாள். அவராகத் தெரிந்துகொண்டு வந்து திறக்க வேண்டும் என்று. அவள் சொல்வது சரிதான். ஆனால் இவர் திறக்காவிட்டால் மாதத்தோடு எழுதி வைத்துக்கொள்ள மாட்டேன்.

முகுந்தனுக்கான நகலோடு மூன்று உறையையும் ஒட்டியாகிவிட்டது. நாளைக் காலை சைக்கிளில் போகும்போது தபால் பெட்டியில் போடுவேன், பெயர் இல்லாமலே.